வள்ளியும் வல்லியும்: 767 பைட்டுக்குள் ஒரு பெயர்ப் பதிவேடு

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிரே அமர்ந்திருந்தவர் என் முன்னாள் மாணவர். இப்போது நிரலராகப் பணியாற்றுபவர். எங்கள் தமிழ்ப் பள்ளியின் மாணவர் பதிவேட்டையும் சிறு நூலகத்தின் நூற்பட்டியலையும் கட்டணம் ஏதுமின்றிப் பராமரித்துத் தருபவர். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "சார், தமிழ்ப் பெயரை வைத்து அடைவு உருவாக்க முடியவில்லை. நீளம் அதிகம் என்று மறுக்கிறது. பேசாமல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டார்.

திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. குறிப்பிட்ட திறவு மிக நீளமானது, உச்ச அளவு 767 பைட் என்பது அதன் பொருள். 1071 என்ற எண்ணுடைய பிழைச்செய்தி அது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பழகியவர்கள் ஒருமுறையேனும் கண்டிருப்பார்கள். எனக்கு அன்றுதான் அறிமுகம்.

அவருடைய கேள்வியில் தீய எண்ணம் எதுவும் இல்லை. வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆயினும், 'ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வோமா' என்பதை இந்நகரில் எத்தனை மேசைகளின் முன் நான் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். படிவத்தில், சான்றிதழில், பரிசுப் பட்டியலில், அடையாள அட்டைப் பையில். ஒவ்வொரு முறையும் காரணம் தொழில்நுட்பம் என்றே சொல்லப்படும். ஒவ்வொரு முறையும் நாமும் தலையசைப்போம். இம்முறை காரணத்தை முழுமையாகக் கேட்டு அறிவது என்று முடிவு செய்தேன். கேட்டறிந்ததும், அதன்மேல் எனக்குத் தோன்றிய கருத்தும்தான் இந்தப் பதிவு.

முதலில் அடைவு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இண்டெக்ஸ் என்பதைத்தான் அப்படி எழுதுகிறேன். நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோல, தரவுத்தளம் ஒரு நெடுவரிசையின் மதிப்புகளை மட்டும் தனியே எடுத்து, வரிசைப்படுத்தி, 'இது இந்த இடத்தில் உள்ளது' என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அடைவு இல்லையென்றால் ஒரு பெயரைத் தேட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். நானூறு மாணவர்களுக்கு அது பெரிதல்ல; நான்கு இலட்சம் பேருக்குப் பெரிது. 'ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது' என்ற காவலையும் தரவுத்தளம் அடைவைக் கொண்டே செய்கிறது.

இந்த அடைவைத் தரவுத்தளம் பக்கம் பக்கமாக அடுக்குகிறது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இயந்திரத்தில் ஒரு பக்கம் 16 கிலோபைட். ஒரு பக்கத்தில் எத்தனை திறவுகள் அடங்குகின்றனவோ அத்தனை கிளைகள் அங்கிருந்து பிரியும். திறவு 40 பைட் என்றால் ஒரு பக்கத்தில் சுமார் நானூறு அடங்கும். மூன்று படி இறங்கினால் கோடிக்கணக்கான பெயர்களுக்குள் தேடிவிடலாம். திறவு எண்ணூறு பைட் என்றால் இருபதுதான் அடங்கும்; பத்து இலட்சம் பெயர்களுக்கே ஐந்து படி இறங்க வேண்டும். ஆகவே 'இதற்கு மேல் நீளமான திறவு வேண்டாம்' என்று ஓர் எல்லை வைத்ததில் நியாயம் உண்டு. இன்னோடிபியின் பழைய வரி அமைப்புகளில் ஒரு நெடுவரிசைக்கு 767 பைட்; அதே மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐஎஸ்ஏஎம் இயந்திரத்தில் 1000 பைட்; மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் நெடுங்காலம் 900 பைட். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2700 பைட்.

எல்லை இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லை எதில் அளக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல். அளவுகோல் பைட். நாம் எண்ணுவது எழுத்து.

வகுப்பில் 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்று விரல்களைக் காட்டும். த, மி, ழ். ஒருங்குறியைக் கேட்டால் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பைக் கேட்டால் பதினைந்து என்கிறது. ஏனென்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் அங்கே 3 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று கணக்கு, மூன்றும் சரி.

இதை நம் நெடுங்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றுள் உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் அகரமேறிய உயிர்மெய் பதினெட்டும், ஆக 31 எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரே குறியீட்டில் அடங்கும். அதாவது 3 பைட். எஞ்சிய 216 எழுத்துகளுக்கும் இரண்டிரண்டு குறியீடுகள் வேண்டும். அதாவது 6 பைட். புள்ளி வைத்த மெய்யும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கிறது. 'க' என்பதைக் காட்டிலும் 'க்' இருமடங்கு இடம் பிடிக்கும் என்று சொன்னால் இலக்கணம் படித்தவர் எவரும் சிரிப்பார்; அரை மாத்திரைக்கு இரட்டைக் கூலி. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அமைப்பைத் தழுவியது. அகரமேறிய மெய்யை அடிப்படையாகக் கொள்வது அங்கிருந்து வந்த வழக்கம்.

இது இப்படித்தான் ஆகும் என்று முன்னரே வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதங்களில் பெரும்பகுதி நடந்த ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. இங்கே ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி 1990களில் கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது அவர் உழைப்பால். 1997இல் தமிழ்நெட்'97 மாநாடு இங்கே கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாடு டாம், டாப் என்ற இரு 8-பிட் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2000இல் மீண்டும் சிங்கப்பூர். உத்தமம் அமைப்பு அப்போதுதான் தோன்றியது. அந்தக் காலத்து டிஸ்கி குறியீட்டில் 'தமிழ்' என்ற சொல்லை 4 பைட்டில் எழுதிவிடலாம். ழகர மெய்க்குத் தனி இடமே இருந்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது. அதில் எழுத்து ஒன்றுக்கு ஒரே குறியீடு. 16-பிட் வடிவில் 'தமிழ்' என்பதற்கு 6 பைட். ஒருங்குறிக்கு அதே வடிவில் 10.

அப்படியானால் பழைய குறியீட்டுக்கோ டேஸுக்கோ போய்விடலாமே என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. எழுத்துருவை மாற்றினால் கட்டுரை முழுவதும் கிறுக்கலாகத் தெரிந்த அந்த நாள்களை வாழ்ந்து பார்த்தவன் நான். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத தமிழ் எத்தனை சிக்கனமாக இருந்து என்ன பயன்? இன்று எந்தக் கைப்பேசியிலும் தேடினால் தமிழ் கிடைக்கிறது என்றால் அது ஒருங்குறியின் கொடை. சேமிப்புச் செலவும் இன்று ஒரு பொருட்டல்ல. ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் எங்கள் பள்ளியின் இருபதாண்டுப் பதிவேட்டை அடக்கிவிடலாம். மிச்சமிருக்கும் குறுகலான வாசல்களில் ஒன்று இந்த அடைவு. எனவே அங்கே மட்டும் கொஞ்சம் அறிவோடு நடந்துகொண்டால் போதும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் தரவுத்தளம் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஏன் மறுத்தது? அதற்குக் காரணம் நான்தான். உயர்நிலை மாணவர்களுக்குப் பழந்தமிழ்ப் பின்னங்களைப் பற்றி ஒரு பாடம் ஆயத்தம் செய்திருந்தேன். முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20. இவற்றுக்குரிய குறிகள் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில், 2019இல், 'தமிழ் இணைப்பு' என்ற தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டன. மகிழ்ச்சியோடு அவற்றைப் பாடத் தலைப்பிலேயே இட்டேன். பதிவேட்டில் தலைப்பு அந்தக் குறி வந்த இடத்தில் அப்படியே அறுந்துபோயிற்று.

பழைய மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று பெயரிட்டிருந்தது உண்மையான யூடிஎஃப்-8 அன்று. குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வரைதான் அது ஏற்கும். வழக்கமான தமிழுக்கு அது போதும். புதிய பின்னக் குறிகளுக்கு 4 பைட் வேண்டும். பலரும் முகக்குறிகளுக்காகவே இந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் முந்திரிக்காக முட்டிக்கொண்டோம் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. 4 பைட்டையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்ற முறை 2010இல்தான் அதில் வந்தது. என் மாணவர் நெடுவரிசைகளை அந்த முறைக்கு மாற்ற முயன்றார். பெயருக்கும் தலைப்புக்கும் 255 குறியீடுகள் என்று முன்பே அறிவித்திருந்தோம். 255ஐ 3ஆல் பெருக்கினால் 765, எல்லைக்குள் அடங்கும். 4ஆல் பெருக்கினால் 1020, அடங்காது. அதனால்தான் அந்த மறுப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் எந்தப் பெயரும் 1020 பைட் இல்லை. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற நெடிய பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுத்து எட்டு, குறியீடு பதினைந்து, பைட் நாற்பத்தைந்து. மைஎஸ்கியூஎல் உண்மையான பெயரை அளப்பதில்லை. நாம் அறிவித்த உச்ச அளவை அளக்கிறது. போஸ்ட்கிரெஸ் உள்ளே வரும் மதிப்பைத்தான் அளக்கும். எஸ்கியூஎல் சர்வர் அடைவு உருவாக்கும்போது எச்சரித்துவிட்டு, பின்னர் உண்மையிலேயே நீண்ட மதிப்பு வந்தால் மறுக்கும். எங்களைத் தடுத்தது தமிழ்ப் பெயரின் நீளமே அன்று. எவரும் யோசியாமல் எழுதி வைத்த 255 என்ற எண்.

அந்த 255 எங்கிருந்து வந்தது? மைஎஸ்கியூஎல்லின் 5.0.3 பதிப்புக்கு முன்னர் வார்கேர் வகையின் உச்ச அளவே 255தான். நீளத்தை ஒரே பைட்டில் குறித்துவைத்த காலத்து வழக்கம். எல்லை போனபின்னும் எண் போகவில்லை. செருப்பின் அளவு மறந்துபோய்ப் பழைய பெட்டியின் மேலிருந்த எண்ணையே கடையில் சொல்லிக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

ஆக, 'தமிழ் நீளமானது, ஆகவே ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வோம்' என்ற தீர்வு நோயைப் பிழையாகக் கணித்துக் கொடுத்த மருந்து. அதன் பக்கவிளைவை நாங்கள் முன்பே பட்டுணர்ந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்களுக்குச் செய்து தந்த நிரலில் பெயர்கள் உரோமன் எழுத்தில் மட்டுமே இருந்தன. மதிப்பெண் பட்டியல் பெயரையும் வகுப்பையும் கொண்டு பொருத்தப்பட்டது. ஒரே வகுப்பில் வள்ளி என்றொரு சிறுமி, வல்லி என்றொரு சிறுமி. பெயர்களை மாற்றியிருக்கிறேன்; மயக்கத்தை மாற்றவில்லை. உரோமன் எழுத்தில் இருவரும் ஒருத்தி. ஒருத்தியின் அறிக்கை மற்றவளின் வீட்டுக்குப் போயிற்று. நன்றாக எழுதியிருந்த பிள்ளை அன்று வீட்டில் கண்டிக்கப்பட்டாள். மறுவாரம் அவள் என்னிடம் வந்து, "என் பெயரில் வருவது குண்டு லவா, பள்ளி ளவா என்று கணினிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். வகுப்பில் லகர ளகர வேறுபாட்டைத் தவறவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பவன் நான். என்னிடம் பதில் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 'சுப்பிரமணியம்' என்ற ஒரே பெயரை இத்தீவில் எத்தனை விதமாக உரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள் என்று தொலைபேசிப் புத்தகம் இருந்த நாள்களில் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தமிழில் அதற்குப் 13 குறியீடுகள், 39 பைட், ஒரே வடிவம். உரோமனில் பைட் குறைவு; வடிவம் பல. தேடும்போது எந்த வடிவத்தைத் தேடுவது? இடத்தை மிச்சப்படுத்தப் போய் அடைவின் பயனையே இழக்கிறோம்.

மாணவர் எண்ணைத் திறவாக வைத்துக்கொண்டால் தீர்ந்ததே என்று நிரலர்கள் சொல்வார்கள். சரிதான். எங்களிடமும் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் உண்டு. ஆனால் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர் எண்ணைச் சொல்வதில்லை, பெயரைச் சொல்கிறார்கள். பெயரால் தேட அடைவு வேண்டும்.

அன்று என் மாணவர் இரண்டாவதாக முன்வைத்தது 191. உலகெங்கும் நிரலர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட உடனடித் தீர்வு அது. 191ஐ 4ஆல் பெருக்கினால் 764. நெடுவரிசை முழுமையாக இருக்கும். அடைவில் மட்டும் முதல் 191 குறியீடுகள் ஏறும். இதை நான் எதிர்க்கவில்லை. தமிழில் 191 குறியீடு என்பது நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகள். அத்தனை நீளப் பெயர் எவருக்கும் இல்லை. தரவை விட்டுவிட்டு அடைவை மட்டும் வெட்டுவது நேர்மையான வெட்டு. ஆனால் அதே 191 வேறோர் இடத்தில் தமிழை எப்படிப் பதம் பார்க்கிறது என்பதை அவரே எனக்குக் காட்டினார்.

வேர்ட்பிரஸ் 2015இல் தன் 4.2 பதிப்பில் யூடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாறியபோது தன் அடைவுகளை 191க்குக் குறைத்தது. இடுகையின் முகவரிப் பெயருக்கு அதில் 200 இடம். ஆங்கிலத் தலைப்புக்கு 200 தாராளம். தமிழ்த் தலைப்போ முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக விரித்து எழுதப்படுகிறது. ஒரு பைட்டுக்கு மூன்று இடம், ஆகவே ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மட்டும் 45. 'சிங்கப்பூரில் தமிழ்க் கல்வி' என்று தலைப்பிடுங்கள்; மூன்றே சொற்கள். முதற்சொல்லுக்கு 117, இடையே ஒரு கோடு, அடுத்த சொல்லுக்கு 63, மீண்டும் ஒரு கோடு, ஆக 182. மீதி 18 இடத்தில் இரண்டு குறியீடுகள்தாம் அடங்கும். 'கல்வி' என்பது 'கல' என்று நிற்கும். அடுத்த மாதம் 'சிங்கப்பூரில் தமிழ்க் கலை' என்று ஒரு கட்டுரை எழுதினால் அதுவும் 'கல' என்றே முடியும்; இரண்டையும் வேறுபடுத்த இரண்டாவதன் வாலில் 2 என்ற எண் ஒட்டப்படும். அடைவில் ஏறும் 191 இடத்துக்குள் வருவதோ வெறும் 'க'. கணக்கைத் தாளில் போட்டுச் சரிபார்த்தேன். அச்சுப்பிழை இல்லாமல் பொருந்துகிறது. கல்வியும் கலையும் ஒரு ககரத்தில் ஒன்றாகிவிடுவதைத் தத்துவமாக இரசிக்கலாம், தேடுபவருக்கு உதவாது.

வெட்டு விழும் இடமும் கவலை தருவது. கணினி குறியீட்டு எல்லையில் வெட்டுகிறதேயொழிய எழுத்தெல்லையில் வெட்டுவதில்லை. 'கல்' என்பதில் புள்ளி போய்விட்டால் அது பாதி எழுத்தன்று, வேறொரு எழுத்து. ஆங்கிலச் சொல்லின் வால் அறுந்தால் குறைச்சொல் என்று கண்ணுக்குத் தெரியும். தமிழில் குறை தெரியாமல் சொல் மாறிவிடும்.

விக்கிப்பீடியாவிலும் இந்த எல்லை உண்டு. அங்கே அது பைட் என்று வெளிப்படையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மீடியாவிக்கியில் பக்கத் தலைப்பின் உச்ச அளவு 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து. தமிழுக்கு 85 குறியீடு, அதாவது ஏறத்தாழ ஐம்பது எழுத்து. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த எல்லைக்குள்தான் வளர்ந்திருக்கிறது. பெரும்பாலான தலைப்புகளுக்கு ஐம்பது எழுத்து போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போதாத தலைப்பு வரும்போது வெட்டப்படுவது எந்த மொழி என்பதுதான் கேள்வி.

இங்கே சிங்கப்பூருக்கென்று ஒரு தனிக் குறிப்பு சொல்ல வேண்டும். நமக்கு நான்கு அதிகாரத்துவ மொழிகள். ஆங்கிலமும் மலாயும் உரோமன் எழுத்தில். எழுத்துக்கு ஒரு பைட். சீன எழுத்துக்கும் தமிழ்க் குறியீட்டுக்கும் அதே 3 பைட். ஆகவே சீனத்தில் சோதித்துச் சரியாக இருந்தால் தமிழுக்கும் சரியாக இருக்கும் என்று நிரலர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். சீனப் பெயர் பெரும்பாலும் மூன்று எழுத்து; 9 பைட். 'கிருஷ்ணமூர்த்தி' 45 பைட். தந்தை பெயரும் சேர்ந்தால் நூறைத் தொடும். எழுத்தளவில் சமமாகத் தோன்றும் இரு மொழிகளில் ஒன்று மற்றதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. நான்கு மொழிப் படிவம் ஒன்றை வடிவமைப்பவர் முதலில் சோதிக்க வேண்டிய மொழி தமிழ். தமிழுக்குப் பொருந்தும் அளவு மற்ற மூன்றுக்கும் பொருந்தும். நடைமுறையில் தமிழ் கடைசியில் சோதிக்கப்படுகிறது, சோதிக்கப்பட்டால்.

குறையைப் பிறர்மேல் மட்டும் சுமத்தவும் எனக்கு மனமில்லை. 'எங்கள் பெயர் எத்தனை நீளம் வரும்?' என்று நிரலர் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? நாம் எழுத்தில் சொல்வோம். அவருக்குக் குறியீட்டிலும் பைட்டிலும் வேண்டும். பதினைந்து எழுத்து என்று நாம் சொன்னதைப் பதினைந்து குறியீடாக எடுத்துக்கொண்டு அவர் அமைத்துவிடுவார். எட்டாம் எழுத்தில் பெயர் முறிந்து நிற்கும். எழுத்துக்கு இரண்டு குறியீடு, குறியீட்டுக்கு நான்கு பைட் என்று வைத்துக்கொண்டு பெருக்கிச் சொன்னால் எவரும் தவற மாட்டார்கள். இந்த எளிய பெருக்கலைத் தமிழாசிரியர்களாகிய நாமே நம் பணிமனைகளில் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அது கணினிப் பாடமன்று. எழுத்தியலின் ஒரு கிளைதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். தேநீர் முழுவதும் ஆறிய பிறகு இருவரும் பதிவேட்டில் இருந்த பெயர்களையெல்லாம் குறியீட்டு நீளப்படி அடுக்கினோம். தந்தை பெயரோடு சேர்த்து மிக நீண்டது 41 குறியீடு. அதனினும் ஏறக்குறைய மும்மடங்காக 120 என்று வைத்தோம். நான்கால் பெருக்கினால் 480. எல்லையைத் தொடக்கூட இல்லை. ஒரு பெயரையும் சுருக்கவில்லை, ஒரு பெயரையும் மொழி மாற்றவில்லை.

நூற்பட்டியலுக்கு அது போதவில்லை. பழைய நூல்களின் தலைப்புகள் மூலமும் உரையும் உரையாசிரியர் பெயரும் பதிப்பித்தவர் பெயருமாக நீண்டுகொண்டே போகும். பல நூல்கள் ஒரே தொடரோடு தொடங்கும். தொல்காப்பியப் பதிப்புகளை அடுக்கிப் பாருங்கள்: அதிகாரம், இயல் என்று வேறுபாடு வருவதற்குள் முப்பது குறியீடுகள் கடந்துவிடும். அங்கே முதற்பகுதியை மட்டும் அடைவில் ஏற்றினால், எத்தனை குறியீடு வரை ஏற்றினால் தலைப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பத்து வைத்தால் பாதிப் பட்டியல் ஒரே இடத்தில் குவிகிறது. அறுபதில் பெரும்பாலும் பிரிந்துவிட்டன. 'ஒரே நூல் இருமுறை வேண்டாம்' என்ற காவலுக்கு மட்டும் அறுபது போதாது. அதற்கு என் மாணவர் வேறு வழி வைத்திருந்தார்: முழுத் தலைப்பையும் கணக்கிட்டு 32 பைட் சுருக்கக் குறி ஒன்றை உருவாக்கித் தனி நெடுவரிசையில் இட்டு, அதற்குத் தனித்தன்மை அடைவு அமைத்தார். தலைப்பு எவ்வளவு நீண்டாலும் குறி 32 பைட்டைத் தாண்டாது. அதில் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, குறிக்கு இரண்டு. ஆகையால் ஒருங்குறியின் நெறிப்படுத்தும் விதிப்படி இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே கணக்கிட வேண்டும். இதைக் கேட்டபோது, கையெழுத்துச் சுவடிகளில் பாடவேறுபாடு ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

புதிய மைஎஸ்கியூஎல்லுக்கு மாறிவிடலாமே என்பவர்களுக்கும் ஒரு சொல். 5.7 பதிப்பில், 2015இல், இயல்பான வரி அமைப்பு மாறி எல்லை 3072 பைட்டாக உயர்ந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில் யூடிஎஃப்8எம்பி4 இயல்பான முறையாயிற்று. நாங்களும் மாறத்தான் போகிறோம். ஆயினும் பழைய அமைப்பில் உருவான அட்டவணை புதிய வீட்டுக்கு வந்தாலும் பழைய எல்லையையே சுமந்து வரும். எங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். எல்லை உயர்ந்தது என்பதற்காக மீண்டும் 255 என்று எழுதிவிட்டுப் போவதையும் நான் விரும்பவில்லை. எண்ணிப் பார்த்து வைத்த 120க்கு ஒரு காரணம் இருக்கிறது.

மதியம் வெயில் ஏறியதும் சிராங்கூன் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். நிறுத்தத்தில் நின்றபடியே கைப்பேசியில் திறந்து காட்டினார். முந்திரிக் குறி தலைப்பில் முழுமையாக இருந்தது. வள்ளிக்கும் வல்லிக்கும் தனித்தனி வரி. பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தபோது 'வனிதா' என்ற பெயர் 'வளர்மதி'க்கு மேலே நிற்கக் கண்டேன். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து; ஒருங்குறி வரிசையிலோ நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அடைவு பைட் வரிசையில் அடுக்கியிருக்கிறது. சுட்டிக்காட்டினேன். "அதற்கு ஒப்பீட்டு முறையை மாற்ற வேண்டும், சார். மாற்றினால் அடைவை மறுபடி உருவாக்க வேண்டும்" என்றார். தைப்பூசம் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.